பொதுப்பதிவேடுகளும் மக்கள் ஆய்வும்: அப்பலாச்சிய மலைநாட்டுக் காணி ஆவணங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

நிலம் யாருக்குச் சொந்தம் என்பது சமூக ஆய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். உற்பத்தி உறவுகள் பற்றியும் அதிகாரம் பற்றியும் நாம் எழுதுவனவற்றுட் பெரும்பாலானவை ஈற்றில் இவ்வினாவிலேயே வந்து நிற்கின்றன. எனினும், இதற்கான விடையை அரசின் சுருக்க அறிக்கைகளிலும் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளிலும் தேடுவோரே பலர். அவ்விடை முதன்முதலில் எழுத்துருப் பெறும் இடமாகிய உள்ளூர்ப் பதிவேடுகளை நாடுவோர் சிலரே. பதிவேடுகள் வழக்கறிஞருக்கும் நொத்தாரிசுக்கும் உரியவை, ஆய்வாளனுக்குரியவை அல்ல என்ற எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளமையே இதற்குக் காரணமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் கவுண்டி அலுவலகங்களிலும் மாநில அலுவலகங்களிலும் பேணப்படும் பொதுப்பதிவேடுகள் எவை, அவற்றை எவ்வாறு தேடுவது, அவற்றிலிருந்து எவற்றை அறியலாம், எவற்றை அறியவியலாது என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டாக, அந்நாட்டின் அப்பலாச்சிய மலைப்பிரதேசத்தில் 1979ஆம் ஆண்டுக்கும் 1981ஆம் ஆண்டுக்கும் இடையில் நிகழ்ந்த காணியுடைமை ஆய்வினை எடுத்துக்கொள்கின்றோம். சொத்துடைமையைப் பாதுகாப்பதற்கென எழுந்த பதிவேடு, அப்பாதுகாப்பின் பொருட்டே யாவருக்கும் திறந்து வைக்கப்படவேண்டியதாயிற்று. அவ்வாறு திறந்து வைக்கப்பட்டமையாலேயே அது சொத்துடைமையை விசாரிக்கும் கருவியாகவும் மாறக்கூடியதாயிற்று. இம்முரண்பாடே எமது விளக்கத்தின் மையமாகும்.

வெள்ளமும் அது எழுப்பிய வினாவும்

1977ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மேற்கு வேர்ஜினியா, கென்ரக்கி, வேர்ஜினியா ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் நிலக்கரிப் பிரதேசத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. வீடிழந்தோர் பல்லாயிரவர். அவர்களுக்கு வீடமைக்க முற்பட்டபோது எதிர்பாராத தடையொன்று வெளிப்பட்டது. மேற்கு வேர்ஜினியாவின் மிங்கோ கவுண்டி போன்ற இடங்களில் வெள்ளம் எட்டாத நிலம் இல்லாமலில்லை. ஆனால் அது மக்களிடம் இருக்கவில்லை. மலைச்சரிவுகளும் மேட்டுநிலங்களும் நிலக்கரிக் கம்பனிகளுக்கும் காணிக் கம்பனிகளுக்கும் உரியனவாக இருந்தன. அவை விற்க விரும்பவில்லை. இயற்கையின் அனர்த்தமாகத் தோன்றியது உடைமையின் பிரச்சினையாக உருக்கொண்டது.

இவ்வெள்ளத்தையடுத்து அவ்வாண்டிலேயே உள்ளூர் அமைப்புகள் பல ஒன்றிணைந்து அப்பலாச்சியக் கூட்டிணைவு என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. காணி யாருடையது, அவர்கள் செலுத்தும் வரி எவ்வளவு என்பதை முறையாக ஆராயவேண்டும் என இவ்வமைப்பு கோரியது. 1965இல் நிறுவப்பட்ட அப்பலாச்சியப் பிராந்திய ஆணைக்குழு இதற்கு நிதி வழங்கியது. ஆயின் ஆய்வை நிபுணர் குழுவொன்றிடம் ஒப்படைக்காது, அவ்வவ்விடத்து மக்களே கல்வியாளருடன் சேர்ந்து நடத்தவேண்டும் என்பதில் கூட்டிணைவு உறுதியாக நின்றது. ரெனசியிலுள்ள ஹைலாண்டர் நிலையமும் அதிற் பணியாற்றிய ஜோன் கவென்ராவும் இம்முயற்சியில் முக்கிய பங்கு வகித்தனர்.

இதற்கு முன்னோடிகளும் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் ரெனசி நிலக்கரிக் கவுண்டிகளின் வரி ஏடுகளை மாணவரும் ஊரவரும் ஆராய்ந்திருந்தனர். 1974இல் மேற்கு வேர்ஜினியாவின் நாளிதழொன்று அம்மாநிலம் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவை எழுப்பித் தொடர்கட்டுரைகளை வெளியிட்டிருந்தது. ஆறு மாநிலங்களை ஒருசேர ஆராயும் முயற்சி அதுவரை நிகழவில்லை.

கவுண்டியும் அதன் அலுவலர்களும்

கவுண்டி என்பதை எமது மாவட்டத்துடன் ஒப்பிடுவது ஓரளவுக்கே பொருந்தும். எமது மாவட்டச் செயலகம் மத்திய அரசின் நிருவாகக் கிளையாகும். கவுண்டியோ மாநிலச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டுத் தனது அலுவலர் பலரைத் தேர்தல் மூலம் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி அலகாகும். நாடு முழுவதிலும் கவுண்டிகளும் அவற்றுக்கு நிகரான அலகுகளும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை. லூசியானாவில் இவ்வலகுக்குப் பெயர் வேறு. வெர்மொன்ற், கனெற்றிகற், றோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களில் காணிப் பதிவு கவுண்டியில் அன்றி ஊர் மட்டத்திலேயே நடைபெறுகின்றது. ஆதலால் ஆய்வாளன் முதலில் அறியவேண்டியது, குறித்த மாநிலத்தில் குறித்த பதிவேட்டை எவ்வலுவலர் பேணுகின்றார் என்பதாகும்.

அப்பலாச்சிய ஆய்வு நிகழ்ந்த ஆறு மாநிலங்களை நோக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும். கென்ரக்கியிலும் மேற்கு வேர்ஜினியாவிலும் காணி உறுதிகளைப் பதிபவர் கவுண்டி இலிகிதர். வேர்ஜினியாவில் அப்பணி சுற்று நீதிமன்ற இலிகிதருடையது. ரெனசியிலும் வட கரோலினாவிலும் உறுதிப் பதிவாளர் என்ற தனி அலுவலர் உளர். அலபாமாவிலே மரணசாதன வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியின் அலுவலகமே உறுதிகளையும் பதிகின்றது. இவர்களன்றி வரிக்கென ஆதனத்தை மதிப்பிடும் அலுவலர் வேறு. உறுதியும் வரி இடாப்பும் பெரும்பாலும் ஒரே நீதிமன்றக் கட்டடத்தில் இருப்பினும் அவை வெவ்வேறு கைகளிலே உள்ளன. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கக்கூடும்.

எல்லை மாற்றங்களும் மனங்கொள்ளத்தக்கவை. மிங்கோ கவுண்டி 1895இல் லோகன் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட மிங்கோக் காணி உறுதியொன்றைத் தேடுபவர் லோகன் கவுண்டியின் ஏடுகளையே நாடவேண்டும். லோகனோ 1824இல், மேற்கு வேர்ஜினியா என்ற மாநிலம் தோன்றுவதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, வேர்ஜினியாவின் கவுண்டியாக அமைந்தது. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய பதிவைத் தேடப்புகுந்தால் ஏமாற்றமே எஞ்சும்.

காணி உறுதியை வாசித்தல்

காணி உறுதி ஏன் பொது ஆவணமாயிற்று என்பது கவனத்துக்குரியது. ஒரு காணியை ஒருவர் வாங்கி உறுதியைப் பதிந்தவுடன், அக்கொள்வனவு உலகனைத்துக்கும் அறிவிக்கப்பட்டதாகச் சட்டம் கொள்கின்றது. பின்னர் அதே காணியை வாங்குபவர், தாம் அறியவில்லை எனக் கூறவியலாது. ஏட்டை எவரும் பார்க்கக்கூடியதாயிருந்தால் மாத்திரமே இவ்விதி நியாயமாகும். எனவே, பதிவேட்டின் திறந்த தன்மை உடைமையாளனின் தேவையிலிருந்து பிறந்தது. சனநாயக ஆர்வத்தினால் விளைந்ததன்று.

உறுதி ஏடுகளுக்கு இருவகைச் சுட்டிகள் உண்டு. ஒன்று விற்றவர் பெயரால் அமைந்தது. மற்றது வாங்கியவர் பெயரால் அமைந்தது. இன்றைய உடைமையாளரின் பெயரை வாங்கியவர் சுட்டியிலே தேடினால், அவருக்கு விற்றவர் யார், உறுதி எவ்வேட்டின் எப்பக்கத்திலுள்ளது என்பன தெரியவரும். அவ்விற்றவரை மீண்டும் வாங்கியவர் சுட்டியிலே தேடவேண்டும். இவ்வாறு படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றால் உடைமைத் தொடர் முழுவதும் வெளிப்படும். இடையிலே தொடர் அறுந்தால், அக்காணி மரணசாதனத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ வரி நிலுவைக்கான ஏலத்தின் மூலமோ கைமாறியிருக்கலாம். அந்நிலையில் அவ்வவற்றுக்குரிய ஏடுகளைப் பார்க்கவேண்டும்.

நிலக்கரிப் பிரதேசத்தின் உறுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மேற்பரப்பு ஒருவருக்கும், அதன் கீழுள்ள கனியம் வேறொருவருக்கும் உரியதாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் முகவர்கள் மலைக்கிராமங்கள்தோறும் சென்று கனிய உரிமைகளை மிகச் சொற்ப விலைக்கு வாங்கினர். விற்றோரில் எழுத்தறியாதோர் பலர், பெயருக்குப் பதிலாகக் குறியிட்டனர். கென்ரக்கியில் இவை அகல்வடிவ உறுதிகள் எனப்பட்டன. கனியத்தை எடுப்பதற்குத் தேவையான எதனையும் மேற்பரப்பிலே செய்யும் உரிமையை இவ்வுறுதிகள் வாங்கியவருக்கு அளித்தன. மேற்பரப்பையே கிழித்து நிலக்கரி எடுக்கும் முறையை உறுதியில் ஒப்பமிட்டோர் கற்பனையும் செய்திருக்கமாட்டார். எனினும் 1956இல் கென்ரக்கியின் அன்றைய அதியுயர் நீதிமன்று, அம்முறைக்கும் உறுதி இடமளிக்கின்றது எனத் தீர்ப்பளித்தது. பாட்டன் இட்ட குறி பேரனின் வீட்டு முற்றத்தைத் தோண்டும் உரிமையாயிற்று.

வரி இடாப்பை வாசித்தல்

உறுதி ஒரு காணியின் வரலாற்றைக் கூறுகின்றது. வரி இடாப்போ ஒரு பிரதேசத்தின் ஒரு கணத்துத் தோற்றத்தைக் காட்டுகின்றது. உடைமையாளரின் பெயர், முகவரி, ஏக்கரளவு, மதிப்பீட்டுப் பெறுமதி, வரித்தொகை ஆகியவை அதில் நிரல்படுத்தப்பட்டுள்ளன. எனவே, பரந்த ஆய்வுக்கு வரி இடாப்பே உகந்தது. அப்பலாச்சிய ஆய்வாளரும் இதனையே முதன்மைச் சான்றாகக் கொண்டனர்.

இவ்விடாப்பில் மிக எளிமையான குறிப்பு ஒன்று மிகுந்த பயனுடையது. அது வரிச்சிட்டை அனுப்பப்படும் முகவரியாகும். உடைமையாளர் கவுண்டிக்குள் வாழ்பவரா, வெளியூரவரா, வேற்று மாநிலத்தவரா என்பதை இம்முகவரி கொண்டு வகுக்கலாம். வராத உடைமையாளர் என்ற கருத்தாக்கத்தை ஏக்கர்க் கணக்கில் அளக்கத் துணைசெய்தது இதுவே.

ஆயினும் முகவரி எப்போதும் உண்மையை உரைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, பொக்கஹொன்ரஸ் காணிக் கம்பனியின் அலுவலகம் மேற்கு வேர்ஜினியாவின் புளூபீல்ட் நகரிலே இருந்தது. இடாப்பை மட்டும் நோக்குவோருக்கு அது மாநிலத்துக்குட்பட்ட நிறுவனமாகத் தோன்றும். உண்மையில் அது வேர்ஜினியாவில் தலைமையகம் கொண்ட நோர்போக் அன்ட் வெஸ்ரேர்ண் புகையிரதக் கம்பனியின் துணைக்கம்பனியாக இருந்தது. இவ்வுறவைக் கவுண்டி ஏட்டிற் காணவியலாது. இங்குதான் தேடல் கவுண்டியைக் கடந்து செல்லவேண்டியதாகின்றது.

மாநில அலுவலகங்கள்

மாநிலச் செயலாளரின் அலுவலகம் கம்பனிப் பதிவுகளைப் பேணுகின்றது. கம்பனி எங்கு கூட்டிணைக்கப்பட்டது, அதன் பதிவுபெற்ற முகவர் யார் என்பனவற்றை இங்கு அறியலாம். பங்குச் சந்தையில் இடம்பெறும் கம்பனியாயின், மத்திய அரசின் பங்கு, பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கு அது சமர்ப்பிக்கும் ஆண்டறிக்கையில் துணைக்கம்பனிகளின் பட்டியல் இருக்கும். இம்மூன்றையும் இணைத்து நோக்கும்போதே உடைமையின் உண்மை வடிவம் புலனாகும்.

ஆதி மானியங்கள் பெரும்பாலும் மாநில மட்டத்திலேயே உள்ளன. கென்ரக்கியின் காணி அலுவலகத்தில், 1792இல் அது தனி மாநிலமாவதற்கு முன்னர் வேர்ஜினியா வழங்கிய மானியங்களும் பேணப்படுகின்றன. பிறப்பு, இறப்புப் பதிவுகளும் காலத்துக்கேற்ப இடம் மாறியவை. வேர்ஜினியாவில் 1853 முதல் 1896 வரை இவை கவுண்டிவாரியாகத் திரட்டப்பட்டன, பின்னர் இடைவெளி, 1912 முதல் மாநிலப் பதிவு. உரித்தாளர் யார் என நிறுவ முற்படுவோர் இவ்விடைவெளிகளை அறிந்திருத்தல் அவசியம்.

பதிந்த உறுதிகளுக்கு அப்பாற்பட்ட அலுவலக ஆவணங்களைக் கோருவதற்கு அவ்வம்மாநிலத்தின் சட்டமே துணை. 1966ஆம் ஆண்டின் தகவற் சுதந்திரச் சட்டம் மத்திய அரசின் நிறுவனங்களை மாத்திரமே கட்டுப்படுத்தும். கவுண்டி அலுவலகத்துக்கு அது செல்லாது. வேர்ஜினியா 1968இலும், கென்ரக்கி 1976இலும், மேற்கு வேர்ஜினியா 1977இலும் தத்தம் சட்டங்களை இயற்றின. இவற்றுட் சில வழங்கும் உரிமை யாவருக்கும் உரியதன்று. தனது மாநிலத்தவருக்கு மட்டும் இவ்வுரிமையை வேர்ஜினியா வழங்குவது அரசியலமைப்புக்கு முரணானதன்று என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 2021இல் கென்ரக்கியும் தனது சட்டத்தைத் திருத்தி, மாநிலத்தில் வசிப்போர், தொழில்புரிவோர், சொத்துடையோர், செய்தி நிறுவனத்தார் முதலியோருக்கென அவ்வுரிமையை வரையறுத்தது. மாநில எல்லையைக் கடந்து உடைமை விரிவடையலாம். அவ்வுடைமையை வினவும் உரிமை எல்லைக்குள் நின்றுவிடுகின்றது.

ஆய்வின் பேறுகள்

ஆறு மாநிலங்களின் எண்பது கவுண்டிகளில் ஏறத்தாழ 55,000 காணித்துண்டுகளைப் பற்றிய தரவுகள் கையாற் பிரதிசெய்யப்பட்டன. நிலமும் கனிய உரிமையும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு கோடி ஏக்கர் இவ்வாறு ஆராயப்பட்டது. அறிக்கை 1981இல் ஏழு தொகுதிகளாகச் சமர்ப்பிக்கப்பட்டது. 1983இல் அது ‘அப்பலாச்சியா யாருக்குச் சொந்தம்?’ எனப் பொருள்படும் தலைப்பில் நூலாகியது.

அது கண்ட முடிவுகள் தெளிவானவை. உள்ளூர் மக்களில் நூற்றுக்கு ஒருவரும், வராத உடைமையாளரும், கம்பனிகளும், அரச நிறுவனங்களும் சேர்ந்து அவ்வெண்பது கவுண்டிகளின் மேற்பரப்பில் 53 சதவீதத்தையேனும் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். ஆராயப்பட்ட மேற்பரப்பில் ஏறத்தாழ முக்காற்பங்கும், கனிய உரிமையில் ஐந்தில் நான்கு பங்கும் வராத உடைமையாளருடையவை. கனிய உரிமையாளரில் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் ஏக்கருக்கு 25 சதத்திலும் குறைந்த ஆதன வரியே செலுத்தினர். கென்ரக்கியின் பன்னிரண்டு கவுண்டிகளில், அறியப்பட்ட நிலக்கரி இருப்பின் தொன் ஒன்றுக்கு விழுந்த சராசரி வரி ஒரு சதத்தின் ஐம்பதிலொரு பங்கு மாத்திரமே.

கவுண்டிப் பாடசாலைகளும் வீதிகளும் ஆதன வரியிலே பெரிதும் தங்கியிருக்கும் நாட்டில் இவ்வெண்களின் பொருள் வெளிப்படையானது. செல்வம் மிகுந்த நிலத்தின் மீது வறிய பாடசாலைகள் நின்றமைக்கு மலைவாழ் மக்களின் பண்பாட்டுப் பின்னடைவு காரணமெனக் கூறிவந்த விளக்கங்களை வரி இடாப்பே மறுத்தது.

கென்ரக்கியில் ஆய்வு இயக்கமாகவும் மாறியது. அகழப்படாத நிலக்கரிக்கு 100 டொலர் பெறுமதிக்கு ஒரு சதத்தின் பத்திலொரு பங்கு என்ற பெயரளவு வரியையே மாநிலச் சட்டம் விதித்திருந்தது. ஆய்வில் ஈடுபட்டோர் உட்படப் பலர் 1981இல் நீதியான வரிக்கான கூட்டமைப்பொன்றை நிறுவினர். 1988இல் அம்மாநில உயர் நீதிமன்று அவ்வரிச்சலுகை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் அகல்வடிவ உறுதியின் அதிகாரத்தை மட்டுப்படுத்தும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாக்காளரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேற்பட்டோர் ஆதரவளித்தனர். மேற்பரப்பு உடைமையாளரின் சம்மதமின்றி நிலத்தைக் கிழிக்கும் உரிமை இவ்வாறு முடிவுற்றது. 1993இல் நீதிமன்றும் இத்திருத்தத்தை ஏற்றது.

பதிவேட்டின் மௌனங்கள்

பதிவேடு முழு உண்மையன்று. மதிப்பீட்டாளர் குறைத்து மதிப்பிட்டதை இடாப்பு உண்மைப் பெறுமதியாகவே காட்டும். ஒரே கம்பனி பல பெயர்களில் இடம்பெறும். அகழப்படாத கனியம் சில கவுண்டிகளில் இடாப்பிலேயே இடம்பெறாதிருந்தது. மரணசாதனமின்றித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் உரித்தாளர் காணிகளில், உழுபவரின் பெயர் ஏட்டில் இராது. இறந்துபோன முன்னோரின் பெயரே இருக்கும். இத்தகைய காணிகளில் ஒரு பங்காளியின் உரிமையை வாங்கிய வெளியார் முழுக் காணியையும் நீதிமன்ற விற்பனைக்குக் கொணர்வது நெடுங்காலமாக நிகழ்ந்தது. கறுப்பின மக்களும் வறிய வெள்ளையரும் இதனால் நிலமிழந்தனர். இதனைத் தடுப்பதற்கான மாதிரிச் சட்டம் 2010இலேயே வரையப்பட்டது. அலபாமா 2014இலும் வேர்ஜினியா 2020இலும் அதனை ஏற்றன. இவையனைத்துக்கும் அடியில் இன்னொரு மௌனமும் உண்டு. 1838இல் செரோக்கி மக்களிற் பெரும்பாலோர் தம் மண்ணிலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டனர். கவுண்டி ஏட்டின் முதற்பக்கம் குடியேறியோரின் மானியத்துடனேயே தொடங்குகின்றது. அதற்கு முன் அங்கு வாழ்ந்தோர் அதற்கு வெளியிலேயே உள்ளனர்.

ஏடுகள் இன்று கணினித் திரைக்கு வந்துள்ளமை தேடலை விரைவாக்கியுள்ளது. ஆனால் உடைமையை மறைக்கும் வழிகளும் வளர்ந்துள்ளன. பெயரளவுக் கம்பனியின் பின்னுள்ள மனிதர் யார் என்பதை மாநிலப் பதிவு பல வேளைகளிற் கூறுவதில்லை. அவர்களை நிதித் திணைக்களத்துக்கேனும் அறிவிக்கவேண்டுமென 2021இற் சட்டமாகியது. அத்தகவலும் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்படவில்லை. 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பனிகளுக்கு அக்கடப்பாட்டிலிருந்தும் விலக்களிக்கப்பட்டது. மேற்கு வேர்ஜினியாவில் 2013இல் வெளியான ஆய்வொன்று, தனியார் நிலத்தில் 17.6 சதவீதம் இருபத்தைந்து உடைமையாளரிடம் இருந்ததையும், முதற் பத்து உடைமையாளரில் ஒருவரேனும் அம்மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டிராததையும் எடுத்துக்காட்டியது. 1974இல் எழுந்த வினா நாற்பது ஆண்டுகளின் பின்னரும் வினாவாகவே நின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றிலிருந்து மூன்று கருத்துகளை வலியுறுத்தலாம். முதலாவது, உள்ளூர்ப் பதிவேடு ஒன்றைத் தனித்து வாசித்தல் போதாது; உறுதி, வரி இடாப்பு, மரணசாதனம், கம்பனிப் பதிவு ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே உடைமையை அறியவேண்டும். இரண்டாவது, ஓர் ஆவணம் திறந்திருப்பதும் அது அறியப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. கம்பனிகளின் வழக்கறிஞர்கள் நாள்தோறும் புரட்டிய அதே ஏடுகள்தாம் அம்மக்களுக்கும் திறந்திருந்தன. அவற்றைக் கூட்டிப் பார்க்கும் நேரமும் நிதியும் நோக்கமும் அதுவரை அவர்களிடம் ஒருங்குசேரவில்லை.

மூன்றாவதே யாவற்றினும் முக்கியமானது. வினா யாரிடமிருந்து எழுகின்றது என்பதைப் பொறுத்தே பதிவேடு விடையளிக்கின்றது. வீடு கட்ட இடம் தேடியவர்கள் ஏட்டைத் திறந்தபோது, ஆண்டாண்டாக அங்கு கிடந்த பெயர்களும் எண்களும் ஒரு பிரதேசத்தின் வறுமைக்குச் சாட்சியங்களாயின. ஆய்வின் பொருளாக இருந்துவந்த மக்கள் ஆய்வாளராகியமையே இம்மாற்றத்தைச் சாத்தியமாக்கியது. நிலத்தையும் வறுமையையும் பற்றி எழுதும் எவரும், தம் ஆய்வின் தொடக்கத்திலேயே பதிவகத்தின் படியேறுவதும், அந்நிலத்தில் வாழ்வோரை உடனழைத்துச் செல்வதும் இன்றியமையாதனவாகும்.